நாலு மூலையும் சமம்

படத்துக்கு பிரேம் போடுகிற தொழிலில் நடு என்பது தொழில்காரருக்குச் சொந்தமில்லை. நடுவில் இருப்பது வருகிறவர்களுடைய அப்பா, பட்டம் வாங்கிய பிள்ளை, தொட்டிலில் கிடக்கும் பேத்தி. அதில் ஒரு கைரேகை பட்டாலே சண்டைக்கு வந்துவிடுவார்கள். தொழில்காரருக்கென்று இருப்பது நாலு மூலை. பீடிங் என்கிற சட்டமரத்தைச் சாய்வாக அறுத்து, இரண்டு துண்டையும் ஒன்றோடொன்று வைத்துப் பிடித்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியக்கூடாது. பிறகு பசை, பிறகு ஆணி. மூலை கூடிவிட்டால் படம் தானாக நிற்கும் என்பார் ஒரு பிரேம் கடைக்காரர். படத்துக்கு அது சரிதான். இவர் அதோடு விட்டாரா? உலகத்தில் உள்ள எல்லாமே அப்படித்தான் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டார். அங்கேதான் வந்தது வினை.

தெருவில் அவருக்கு மூலைக்காரர் என்று பெயர். கேலியாக வைத்த பெயரை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார். யார் வீட்டுக்குப் போனாலும் முகத்தைப் பார்க்க மாட்டார், கதவு நிலையின் மூலையைப் பார்ப்பார். கல்யாணம் பேச முதல்முதலாகப் பெண் வீட்டுக்குப் போனபோதும் அதேதான். சுவரில் தொங்கிய படத்தின் கீழ்மூலை வாய் பிளந்திருந்தது. பெண் எதிரே வந்து உட்கார்ந்து எழுந்தும் போய்விட்டாள். பிடித்திருக்கிறதா என்று பெண்ணின் அப்பா கேட்டாராம். ரெண்டு ஆணி அடிச்சாப் போதும் என்று இவர் சொன்னாராம். அந்தப் பெண் அதைக் கேட்டுவிட்டு இவரையே கட்டிக்கொண்டாள் என்றால், அவளும் லேசுப்பட்டவளில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

கடையில் பாதி வேலை அவளுடையது. மரம் அவருக்கு, கண்ணாடி அவளுக்கு. வைரமுனை வைத்த கட்டரை அளவுகோலை ஒட்டி ஒரே இழுப்பாக இழுத்து, அடியில் ஒரு தட்டுத் தட்டி, இரண்டு கையாலும் அழுத்தினால் கண்ணாடி கோடு போட்ட இடத்தில் சொன்ன பேச்சு கேட்டுப் பிளக்கும். இழுக்கும்போது கை ஆடக்கூடாது, யாரும் பேசக்கூடாது, வெளிச்சம் பக்கவாட்டில் விழவேண்டும். இத்தனை கண்டிஷன் உள்ள வேலையை அவள் எங்கே வைத்துச் செய்தாள் என்றால், கடைக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த நடையில். ஒரு பக்கம் செருப்பு, ஒரு பக்கம் குடை, மேலே ஒரு அழுக்கு பல்பு. வருகிறவர் போகிறவர் எல்லாம் அவள் முதுகை உரசிக்கொண்டுதான் போகவேண்டும்.

கடைக்குப் பின்னால் ஒரு நல்ல அறை இருந்தது. பெரிய ஜன்னல், சமமான தரை, காலையிலிருந்து சாயங்காலம்வரை வெளிச்சம். அந்த அறையில் என்ன இருந்தது? சங்கம் இருந்தது.

அந்தச் சங்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவளுடைய அண்ணன் கப்பலில் வேலை பார்த்தவர். ஒரு தடவை ஊருக்கு வந்தபோது ஒரு மரப்பலகை, ஒரு பெட்டி கறுப்புக் காய், ஒரு பெட்டி வெள்ளைக் காய், தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம், நாலையும் கொண்டுவந்து இறக்கினார். கோ என்று ஆட்டத்துக்குப் பெயர். பலகை முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் கோடு. கோடும் கோடும் வெட்டுகிற இடத்தில் ஆளுக்கொரு காயாக மாற்றி மாற்றி வைக்கவேண்டும். வைத்த காயை நகர்த்த முடியாது. எதிராளியின் காயைச் சுற்றி வளைத்து மூச்சடைத்தால் எடுத்துவிடலாம். கடைசியில் யார் அதிக இடத்தை வேலி போட்டு வைத்திருக்கிறாரோ அவருக்கு ஜெயம். அவ்வளவுதான் ஆட்டம். மச்சான் ஒரு மத்தியானத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பக் கப்பல் ஏறிவிட்டார்.

ஆட்டம் மூலையில்தான் ஆரம்பிக்கும். அதற்குக் காரணம் உண்டு. மூலையில் இடம் பிடித்தால் பலகையின் விளிம்பே இரண்டு சுவராகக் கிடைத்துவிடும், மீதி இரண்டு சுவர் கட்டினால் போதும். நடுவில் என்றால் நாலும் நாமே கட்டவேண்டும். மூலை என்ற சொல் காதில் விழுந்ததுமே நம் மூலைக்காரருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. அந்தத் தலையணைப் புத்தகமோ முழுக்க முழுக்க மூலைதான். நீ இங்கே வைத்தால் அவன் அங்கே வைப்பான், பிறகு நீ இங்கே, அவன் அங்கே என்று பழைய ஆட்டக்காரர்கள் காலகாலமாக ஆடிப் பார்த்துச் சரி என்று முடிவு கட்டிய வரிசைகள். ஒவ்வொரு வரிசையின் அடியிலும் ஒரு தீர்ப்பு. அநேகமாக எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்பு: இருவருக்கும் சமம். இரண்டு பேரும் ஒழுங்காக ஆடினால் மூலையில் யாருக்கும் நஷ்டமில்லை என்பதுதான் அந்த வரிசைகளின் சாரமே. நடு ஆட்டத்துக்கு இரண்டாம் பாகம் பார்க்கவும் என்று கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தது. இரண்டாம் பாகத்தை மச்சான் கொண்டுவரவில்லை.

புத்தகத்தைப் படித்துச் சொன்னது மருந்துக்கடைக்காரர். டாக்டர்களின் கையெழுத்தையே படிக்கிறவர், அச்சு எழுத்து எம்மாத்திரம். அவரும் பக்கத்துத் தையல்காரரும் மூலைக்காரரும் சேர்ந்து ஞாயிறுதோறும் அந்த அறையில் உட்கார்ந்தார்கள். பிறகு இன்னும் சிலர் வந்தார்கள். இரண்டாம் பாகம் வரட்டும், நடுவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். நாலு மூலையை ஆடுவது, மருந்துக்கடைக்காரர் புத்தகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது, டீ குடிப்பது, காயைப் பெட்டியில் போடுவது. ஆரம்பத்தில் யாராவது மறந்துபோய்த் தப்பாக வைத்து ஒரு மூலை தோற்பார்கள். வருஷம் போகப்போக எல்லோருக்கும் எல்லாம் மனப்பாடம் ஆயிற்று. தப்பே நடக்கவில்லை. தப்பு நடக்காவிட்டால் என்ன ஆகும்? நாலு மூலையும் சமம். எல்லா ஆட்டமும் சமம். எத்தனையோ வருஷமாக அந்த அறையில் யாரும் யாரையும் ஜெயிக்கவுமில்லை, யாரிடமும் தோற்கவுமில்லை. ஒரு ஆட்டத்தையாவது முடித்ததுமில்லை. முடிக்காதது அவர்களுக்குத் தெரியவே தெரியாது என்பதுதான் அதில் விசேஷம்.

மூலைக்காரர் நல்ல தேக்கில் ஒரு பலகை செய்து கடை வாசலில் மாட்டினார். தோல்வி அறியாத சங்கம் என்று அதில் எழுதியிருந்தது. பொய் இல்லை. ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

சங்கத்தில் சண்டையே கிடையாது என்று சொல்ல முடியாது. முதல் காயை வலது மேல்மூலையில் வைப்பதுதான் மரியாதை என்று தையல்காரர் ஒருநாள் சொன்னார். யாருக்கு வலது என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். எதிரெதிரே உட்கார்ந்தவர்களில் ஒருவருக்கு வலது மேல் என்றால் மற்றவருக்கு இடது கீழ். இதைப் பேசித் தீர்ப்பதற்கு மழைக்காலமும் வெயில்காலமும் போயின. கடைசியில் ஜன்னலுக்கு எது வலதோ அதுவே வலது என்று முடிவானது. ஜன்னலுக்கு முகம் எந்தப் பக்கம் என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் கூத்துதானே, மற்ற நாளில் அறை சும்மாதானே என்று நினைக்கலாம். அதுதான் இல்லை. கடைசி ஆட்டத்தின் மூலைகளை மட்டும் வைத்தது வைத்தபடி துணி போட்டு மூடிவிட்டுப் போவார்கள், வாரம் முழுக்க மூலைக்காரர் அவ்வப்போது துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வருவார். அந்த அறையில் ஒரு நாற்காலியை நகர்த்தினாலும் அவர் முகம் நகரும். மனைவி எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தாள். இந்த அறையைக் கண்ணாடி வேலைக்குக் கொடுங்கள் என்று. பார்க்கலாம் என்பார். அவர் பார்த்தது துணிக்கு அடியில்.

அப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் நடையில் நின்று ஒரு பெரிய கண்ணாடியில் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். தையல்காரர் கையை வீசிக்கொண்டு, ஒரு மூலை வரிசையை வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் தோள் அவள் முழங்கையில் பட்டது. கட்டர் வழுக்கியது, கண்ணாடி கோணலாக உடைந்தது, ஒரு சில்லு உள்ளங்கையில் இறங்கியது. ரத்தம் செருப்பு மேலெல்லாம் சொட்டியது. மருந்துக்கடைக்காரர் இருந்தது நல்லதாகப் போயிற்று, கட்டுப் போட்டுவிட்டார். தையல்காரர் கைபிசைந்துகொண்டு, மன்னிச்சுக்கங்க அண்ணி, பதினோராவது காய்ல இருந்தேன், பாதியில நிறுத்த முடியல என்றார்.

அவள் அழவில்லை. கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புருஷன் முன்னால் போய் நின்றாள்.

"என் கையில ரத்தம் வருது. உங்க ஆட்டத்துல ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகல. இதுல எதுக்குங்க அந்த அறை?"

சங்கம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. மூலைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் சங்கம் என்றைக்கு ஒரு ஆட்டம் தோற்கிறதோ அன்றைக்கே அறை உனக்கு என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். சொல்லிவிட்டு மற்றவர்களைப் பார்த்தார். மற்றவர்கள் மெல்லச் சிரித்துக்கொண்டார்கள். தோற்கிற வழியே இல்லாத இடத்தில் பந்தயம் வைப்பதைப் போல வசதி வேறென்ன இருக்கிறது? அவளும் அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். பார்த்து வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நாள் கழித்துக் கடைக்கு ஒரு பல் டாக்டர் வந்தார். பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில் உள்ள ஊர்க்காரி, நாற்பது வயது இருக்கும். தன் கிளினிக்கில் மாட்ட ஒரு பழைய குடும்பப் படத்துக்கு பிரேம் வேண்டும் என்றார். மூலைக்காரர் மரம் வாங்கப் போயிருந்தார், மனைவிதான் கடையில். அளவு எடுக்கும்போது டாக்டரம்மா வாசல் பலகையைப் பார்த்துவிட்டு இது என்ன சங்கம் என்று கேட்டார். சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவர் ஊரிலும் ஒரு கோ சங்கம் உண்டாம். தோல்வியே கிடையாதா, அவ்வளவு பெரிய ஆட்டக்காரர்களா என்று வியந்தார்.

மனைவி அளவு நாடாவைக் கீழே வைத்தாள்.

"நீங்க நல்லா ஆடுவீங்களாம்மா?"

"நானா? எங்க சங்கத்துல நான்தான் கடைசி."

மனைவிக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் அவள் யோசிக்கத் தெரிந்தவள்.

"கடைசியா இருந்தாப் பரவாயில்ல. ஆட்டத்தை முடிப்பீங்கல்ல?"

"முடிக்காம எப்படிங்க கடைசியா ஆவேன்?"

அப்ப ஞாயித்துக்கிழமை வாங்க, படமும் அன்னைக்கே தயாரா இருக்கும் என்றாள் மனைவி. இவ்வளவு இனிமையாக அவள் பேசி அந்தக் கடைச் சுவர் கேட்டதில்லை.

வெளியூர் ஆட்டக்காரர் வருகிறார் என்றதும் சங்கம் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டது. தையல்காரர் தானே தைத்த புது விரிப்பைப் பலகைக்கு அடியில் போட்டார். சொன்னபடி டாக்டரம்மா மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினார், மூலைக்காரருக்கு எதிரே உட்கார்ந்து கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார், கறுப்பை எடுத்துக்கொண்டார். முதல் காயைச் சரியாக ஜன்னலுக்கு வலது மேல்மூலையில் வைத்தார். அவருக்கு அந்த முடிவெல்லாம் தெரியாது, தற்செயல்தான். ஆனால் நல்ல இடத்துப் பெண் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த மூலை புத்தகத்தில் உள்ளபடியே போயிற்று. மருந்துக்கடைக்காரர் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, சமம் என்றார். டாக்டரம்மா யார் இவர், ஏன் இப்படிச் சொல்கிறார் என்பதுபோல நிமிர்ந்து பார்த்தார்.

இரண்டாவது மூலையில்தான் ஆரம்பித்தது. அஞ்சாவது காயோ ஆறாவது காயோ, டாக்டரம்மா புத்தகத்தில் இல்லாத ஒரு இடத்தில் வைத்தார். அறையில் ஒரு சலசலப்பு. மூலைக்காரர் கொஞ்சமும் பதறவில்லை. அந்தக் காயை இரண்டு விரலால் எடுத்து, துடைத்து, மரியாதையாக அவர் பக்கம் நீட்டினார். கை தவறிவிட்டது போலிருக்கிறது என்றார்.

"தவறலையே சார். அங்கதான் வெச்சேன்."

"அது அங்க வராதும்மா."

"வந்துடுச்சே."

டாக்டரம்மா காயை வாங்கித் திரும்ப அதே இடத்தில் வைத்தார். மருந்துக்கடைக்காரர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். இல்லை என்று உதட்டைப் பிதுக்கினார். மூலைக்காரருக்கு இப்போது எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தெரியாது என்றால் தெரியவே தெரியாது. அவர் படித்தது எல்லாம் ஒழுங்கானவர்களுக்குப் பதில். ஒழுங்கில்லாதவர்களுக்கு என்ன பதில் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆகவே அவர் ஒரு காரியம் செய்தார். டாக்டரம்மா எங்கே வைத்திருக்க வேண்டுமோ அங்கே வைத்ததாகவே நினைத்துக்கொண்டு, அதற்குரிய பதிலை வைத்தார். அடுத்ததற்கும் அப்படியே. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் பார்த்தால் அந்த மூலையில் இருந்த வெள்ளையை எல்லாம் டாக்டரம்மா மூச்சடைத்துத் தூக்கிவிட்டார்.

டாக்டரம்மாவுக்கே மனசு கேட்கவில்லை. சார், நான் அங்க வைக்கவே இல்லையே என்றார். வெச்சிருக்கணும் என்றார் மூலைக்காரர். அப்படிச் சொல்லும்போது அவர் குரலில் ஆத்திரம் இல்லை. பல் விளக்காத பிள்ளையிடம் அந்த டாக்டரம்மா எப்படிப் பேசுவாரோ அப்படிப் பேசினார்.

மூன்றாவது மூலையில் இன்னொரு அக்கிரமம். பாதி வரிசை ஒழுங்காகப் போனது. போதும் என்று டாக்டரம்மாவுக்குத் தோன்றிவிட்டது போல, அதை அப்படியே விட்டுவிட்டு எங்கோ எட்ட, வெட்டவெளியில் ஒரு காயை வைத்தார். மூலைக்காரர் காத்திருந்தார். உங்க முறை என்றார் டாக்டரம்மா. நீங்க இதை முடிக்கலையே என்றார் இவர். அது கிடக்கட்டும் சார் என்றார் அவர். எப்படிக் கிடக்கும்? மூன்று மூலை ஆணி அடித்து ஒரு மூலை திறந்து கிடக்கும் பிரேமை அவர் வாழ்நாளில் மேசையில் வைத்துவிட்டுத் தூங்கப் போனதில்லை. ஆகவே அவரே முடித்தார். தன் காயை அந்த மூலையிலேயே வைத்தார். டாக்டரம்மா வெளியே ஒரு இடம் பிடித்தார். இவர் மறுபடி மூலையில் வைத்தார். அவர் மறுபடி வெளியே. மூலை அழகாக வந்தது. சட்டம் போட்டு மாட்டலாம் போல வந்தது. அதற்குள் பலகையில் பாதி பறிபோய்விட்டது.

நாலாவது மூலையில் யாரும் வம்பு செய்யவில்லை, சமம். மருந்துக்கடைக்காரர் புத்தகத்தை மூடினார். ஒரு மூலை தகராறு, அதை அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம், மற்றபடி சமம் என்றார். தையல்காரர் டீக்கு ஆள் அனுப்பினார். மூலைக்காரர் எழுந்து இடுப்பைப் பிடித்து நிமிர்ந்தார்.

டாக்டரம்மா உட்கார்ந்தபடியே இருந்தார்.

"எங்க சார் போறீங்க? இப்பத்தானே ஆட்டமே ஆரம்பிக்குது?"

எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். நடுவில் பெரிய வெற்றிடம், சாமான் இறக்காத புது வீட்டுக் கூடம் மாதிரி. அத்தனை வருஷமாக அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. நிலைப்படியில் சாய்ந்து நின்ற மனைவி சொன்னாள்.

"உக்காருங்க. வந்தவங்க உக்காந்திருக்காங்கல்ல."

மூலைக்காரர் உட்கார்ந்தார்.

காயைக் கையில் எடுத்தபோது அவருக்கு வேர்த்தது. நடு என்றால் அடுத்தவர் சொத்து, அதில் கைவைத்துப் பழக்கமில்லை. வைத்தார். டாக்டரம்மா பதிலுக்கு வைத்தார். இவர் மறுபடி வைத்தார். அப்போதுதான் முதல்முறையாகப் பலகையை முழுசாகப் பார்த்தார். ஒவ்வொரு மூலையையும் தனித்தனியாகப் பார்த்தால் அடித்த ஆணி மாதிரி இருந்தது. சேர்த்துப் பார்த்தால் நாலும் நாலு படத்துக்குச் செய்த மூலை. ஒன்று பெரிய படத்துக்கு, ஒன்று சின்னப் படத்துக்கு. இங்கே கட்டிய சுவர் அங்கே பார்க்கிறது, அங்கே கட்டிய சுவர் விளிம்பைப் பார்க்கிறது, ஒன்றுக்கொன்று கைகோக்கவே இல்லை. சமம் சமம் என்று அத்தனை பேர் சொன்னது ஒவ்வொரு மூலைக்கும் பொருந்தும். பலகைக்குப் பொருந்தவில்லை.

ஆனாலும் மனுஷன் விடவில்லை. முட்டி மோதினார். தட்டுத் தடுமாறி ஒரு இடத்தில் கறுப்புக் காய் மூன்றைச் சுற்றி வளைத்தார். எப்படி வளைத்தார் என்று அவருக்கே தெரியாது. நாலா பக்கமும் அடைபட்டுவிட்டது என்று தெரிந்ததும் அவர் கை நின்றுவிட்டது. எடுக்கலாமா என்று டாக்டரம்மாவைப் பார்த்தார். எடுங்க சார், உங்களுதுதான் என்றார் அவர். நல்லா பண்ணினீங்க, எனக்கே தெரியாமப் போச்சு என்று வேறு சொன்னார். மூலைக்காரர் அந்த மூன்று காயையும் எடுத்துத் தன் முன்னால் வரிசையாக வைத்தார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத மூன்று காய்.

அதற்குப் பிறகு நடந்ததை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் அவர் போட்ட காய்கள் ஓட இடமில்லாமல் கூட்டமாகச் செத்தன. எண்ணிப் பார்ப்பது எப்படி என்றுகூட டாக்டரம்மாதான் சொல்லிக்கொடுத்தார். எண்ணவே வேண்டியிருக்கவில்லை, வாசலில் நின்று பார்த்தாலே தெரிந்தது.

டீ ஆறிக் கிடந்தது. தையல்காரருக்குத்தான் முதலில் வாய் வந்தது. துணியில் கோணல் வந்தால் அதையே ஒரு மாடல் என்று சாதிக்கிறவர் அவர். அண்ணே, ஒண்ணும் ஆகல என்று ஆரம்பித்தார். நம் சங்கத்துச் சட்டம் நாலு மூலை வரைக்கும்தான். இரண்டாவது மூலையில் அந்தம்மா புத்தகத்தில் இல்லாததை வைத்ததால் அந்த மூலை செல்லாது. மற்றது மூன்றும் சமம். அதற்கு மேல் ஆடியது அண்ணனுடைய சொந்த ஆட்டம், சங்கத்தைச் சேராது. ஆகவே சங்கம் தோற்கவில்லை, ஆகவே அறை எங்கேயும் போகாது. மருந்துக்கடைக்காரர் யோசித்துப் பார்த்து, புத்தகப்படி அதுதான் சரி என்று ஆமோதித்தார். அண்ணன் வாயால் சமம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

டாக்டரம்மா தலையிடவில்லை. கடிகாரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்.

மூலைக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் நிலைப்படியிலேயே நின்றாள், கையில் கட்டு அழுக்கேறியிருந்தது. கேட்கவில்லை, முறைக்கவில்லை. சொல்லப்போவதைச் சொல்லட்டும் என்று நின்றாள். ஒரே ஒரு வார்த்தை. அத்தனை வருஷமாக வாரம் தவறாமல் அந்த அறையில் கேட்ட வார்த்தை. சொல்லியிருந்தால் அறையும் இருக்கும், வாசலில் பலகையும் இருக்கும், அவரும் சங்கத்துக்கு அண்ணனாகவே இருப்பார்.

அவர் கண் தன் முன்னால் இருந்த மூன்று காய்மேல் போயிற்று.

"அப்ப இந்த மூணு காய்?"

அதுவும் சேராது அண்ணே, நடுவில் நடந்தது எதுவுமே நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம் என்றார் தையல்காரர்.

"நடந்துச்சு. நான் எடுத்தேன்."

"அதை விடுங்கண்ணே. அறைதானே முக்கியம்?"

மூலைக்காரர் அந்த மூன்று காயையும் உள்ளங்கையால் மூடிக்கொண்டார். யாரோ பிடுங்க வருகிற மாதிரி.

"நான் தோத்துட்டேன்" என்றார். "சங்கமும் தோத்துடுச்சு. முழுசா ஆடித் தோத்தேன்."

பிறகு சங்கம் செய்த காரியத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். நம்பாவிட்டால் போங்கள், நடந்தது அதுதான். நடையில் கூடி நின்று குசுகுசுவென்று பேசினார்கள். தோல்வி அறியாத சங்கத்தில் தோற்றவர் ஒருவர் உறுப்பினராக இருக்க முடியாது, ஆகவே இன்று காலையிலிருந்தே அண்ணன் உறுப்பினர் இல்லை, ஆகவே தோற்றது சங்கம் இல்லை என்று முடிவு செய்தார்கள். தையல்காரர்தான் வந்து, தலையைக் குனிந்துகொண்டு, மனசுல வெச்சுக்காதீங்க அண்ணே என்று சொன்னார். வாசல் பலகையைக் கழற்றிக்கொண்டார்கள். புத்தகத்தை எடுத்துக்கொண்டார்கள். தையல்கடையில் வெட்டுமேசை பெரிதாக இருந்தது, இனி அங்கே.

அறை காலியானது. மனைவி அதற்குள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடையில் இருந்த மேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். மறுபக்கத்தை அவர் பிடித்தார். டாக்டரம்மா செருப்பையும் குடையையும் ஒதுக்கி வழி விட்டார். ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அவள் மேசையை நாலு பக்கமும் சுற்றி வந்தாள். முதுகில் யாரும் இடிக்கவில்லை. இன்னொரு சுற்றும் வந்தாள்.

டாக்டரம்மாவின் படத்துக்கு மரம் தயாராக இருந்தது, கண்ணாடிதான் வெட்டவில்லை. கை இப்படி இருக்கும்போது வேண்டாம், அடுத்த வாரம் வாங்கிக்கொள்கிறேன் என்றார் டாக்டரம்மா. மனைவி கேட்கவில்லை. கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கட்டரைத் துடைத்தாள். மூலைக்காரர் கதவருகே போய் நின்றார். நின்றவர் சும்மா இருக்காமல் தணிந்த குரலில் டாக்டரம்மாவிடம் கேட்டார், உங்க ஊருக்கு ஞாயித்துக்கிழமை காலையில பஸ் இருக்கா என்று. இருக்கு சார், வாங்க, நீங்க வந்தாத்தான் நான் கடைசிக்கு முந்தினவளா ஆவேன் என்றார் டாக்டரம்மா. மூலைக்காரர் அதைப் பெரிய கௌரவமாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

அளவுகோலைக் கண்ணாடிமேல் அழுத்தி, மனைவி மூச்சைப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே தையல்காரர் முகம் தெரிந்தது.

"அண்ணே, அந்த ஆட்டப் பலகையும் காயும்..."

மூலைக்காரர் உதட்டில் விரலை வைத்தார். தையல்காரர் வாயைப் பாதியில் மூடினார். கட்டர் ஒரே இழுப்பாகப் போயிற்று. அவள் நிமிராமலே சொன்னாள்.

"அது எங்கண்ணன் எனக்குக் கொண்டுவந்தது. இங்கதான் இருக்கும்."

பரவாயில்லை அண்ணி, எங்களுக்கு எல்லாம் மனப்பாடம், பலகை இல்லாமலே ஆடிக்கொள்வோம் என்றார் தையல்காரர். சொன்னபடியே இன்றைக்கும் ஆடுகிறார்கள். வெட்டுமேசையைச் சுற்றி உட்கார்ந்து, நீ இங்கே வைத்தாய், நான் அங்கே வைத்தேன் என்று வாயாலேயே ஆடி, சாயங்காலம் சமமாகப் பிரிகிறார்கள்.

அவள் அடியில் ஒரு தட்டுத் தட்டினாள், இரண்டு கையாலும் அழுத்தினாள். கண்ணாடி கோட்டிலேயே பிளந்தது.

"கதவைத் திறங்க" என்றாள் புருஷனிடம். "காத்து வரட்டும்."